பழைய காருக்கு நாலு இஞ்ச் கிரைண்டர் எதற்கு?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய கார் வைத்திருப்பவர்கள் அதை இரும்புக் கடைக்குத் தள்ளிவிடுவதே எல்லோருக்கும் நல்லது என்று உங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். புகை, பெட்ரோல் செலவு, பாதுகாப்பு என்று அவர் சொன்னவற்றில் நியாயம் இருக்கிறது. அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால், கடலோர மாவட்டத்தில் துரு ஏறிய வண்டியை யாராலும் காப்பாற்ற முடியாது என்று முடித்திருந்தாரே, அதற்குத்தான் இந்தப் பதில். காப்பாற்ற முடியும். ரோட்டரி டூல் என்ற, கையில் அடங்கும் ஒரு சின்ன மிஷினும், அவசரப்படாத ஓர் ஆளும் இருந்தால் நம்மூரில் நிற்கும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றிவிடலாம்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் இருக்கிறேன். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டு ஷெட்டில் நிற்பது அப்பா வைத்துவிட்டுப் போன 1968-ஆம் வருட பியட் 1100 டிலைட். 1089 சிசி என்ஜின், ஸ்டியரிங் கம்பத்திலேயே கியர். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கட்டிய வண்டி. இதே வண்டிதான் பிறகு பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, அப்புறம் பத்மினி என்று பெயர் மாறி, 2000 வரைக்கும் வந்துகொண்டிருந்தது. மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்சியாக ஓடிய பத்மினிகள் 2023 அக்டோபரோடு ரோட்டை விட்டுப் போயின. பத்மினி அத்தனை வருடம் ஓடிய புண்ணியத்தில் பிஸ்டன், ரிங், கிளட்ச் தட்டு எல்லாம் இன்றைக்கும் எங்கேயாவது தேடினால் கிடைக்கிறது. ஆனால் டிலைட்டுக்கே உரிய கிரில், முகப்பு விளக்கின் வெள்ளி வளையம், கதவோர முக்கோணக் கண்ணாடியின் சட்டம் இவையெல்லாம் கிடைப்பதில்லை. கையில் இருப்பதைக் காப்பாற்றினால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

என் கடிதத்தின் விஷயமே இதுதான். பழைய காரில் மதிப்புள்ளது பழைய தகடும் பழைய சாமானும். அதைப் பழுதுபார்க்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் அதைத்தான் வெட்டி எறிகிறார்கள்.

நம் மாவட்டத்தில் துரு எப்படி வேலை செய்கிறது என்பதை வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் வாங்கும் மண். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் காலையில் கார் கண்ணாடியைத் துடைத்தால் துணி உப்புக் கரிக்கும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமுடையது. அதனால் மழை இல்லாத நாளிலும் தகட்டின் இடுக்கில் ஈரம் காயாது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு வீங்கும். பெயிண்டுக்கு அடியில் மிளகு அளவுக்கு ஒரு கொப்புளம் தெரிந்தால் உள்ளே எட்டணா அகலத்துக்கு வேலை நடந்திருக்கும். என் வண்டியில் கடலைப் பார்த்து நிற்கும் பக்கம்தான் எப்போதும் முதலில் கொப்புளிக்கும்.

அந்த நிலையில் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கிறது? இரும்பை வெட்டவும் தேய்க்கவும் வட்டு சுழலும் நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டரை எடுக்கிறார்கள். எட்டணா அகலத் துருவுக்கு ஒரு சாண் அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டி, அடியில் நன்றாயிருந்த தகட்டையும் மெலிய வைத்து, அப்புறம் பள்ளத்தை நிரப்பும் பட்டிப் பசையை அப்பி, மேலே பெயிண்ட் அடித்துத் தந்துவிடுகிறார்கள். பழைய கார்களின் மேல்தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. கிரைண்டர் பட்டால் அதிலும் ஒரு பங்கு போய்விடும். சூட்டில் தகடு நெளியவும் செய்யும். அடுத்த மழைக்காலம் முடியும்போது பட்டி விரிந்து அதே இடம் மறுபடியும் வாய் பிளக்கும். அப்போது "கடலோரம்தானே, இப்படித்தான்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. குறை கடலில் மட்டும் இல்லை, எடுத்த கருவியிலும் இருக்கிறது.

இதற்கு மாற்றாக நான் சொல்வது அந்த ரோட்டரி டூல்தான். சில கடைகளில் மினி கிரைண்டர் என்று கேட்டால்தான் தெரியும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் என்ற ஊரில் ஆல்பர்ட் ட்ரெமல் என்பவர் 1932-இல் கம்பெனி தொடங்கி, 1935-இல் இந்த மாதிரிக் கைமிஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு எத்தனையோ கம்பெனிகள் செய்கின்றன. நம் வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். நகைப் பட்டறைகளில் மேலே மோட்டாரைத் தொங்கவிட்டு, அதிலிருந்து வளையும் கம்பி ஒன்றை இறக்கி, நுனியில் பிட் என்ற சின்ன முனைக்கருவியை மாட்டி வேலை செய்வார்களே, அதுவும் இதுவும் ஒரே வகைதான்.

நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். ரோட்டரி டூல் 5,000 முதல் 35,000 வரை போகும். இவ்வளவு வேகமா என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். கிரைண்டரின் வட்டு 100 மில்லிமீட்டர் அகலம், இதன் வெட்டு வட்டு 32 மில்லிமீட்டர்தான். 30,000 சுற்றில் இதன் விளிம்பு நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, கிரைண்டரின் விளிம்பு 58 மீட்டர் வேகத்தில். ஆக இரும்பைத் தொடும் வேகம் ஏறத்தாழ ஒன்றுதான். வித்தியாசம் பலத்தில் இருக்கிறது. கிரைண்டர் மோட்டார் 600, 800 வாட். இது 130 முதல் 175 வாட். அழுத்தினால் நின்றுவிடும், அவ்வளவுதான். தகட்டைக் கிழித்துக்கொண்டு போகிற பலம் இதற்கு இல்லை. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தலாம். பழைய காருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஓர் உதாரணம் சொல்லாமல் இதை விளங்க வைக்க முடியாது. என் வண்டியின் இடது முகப்பு விளக்கு வளையத்தைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ துருவேறி, தலையிலிருந்த வெட்டு முழுக்க அழிந்துவிட்டது. வளையத்தைக் கழற்றினால்தான் பல்பை மாற்ற முடியும். ஐடிஐ படிக்கும் எங்கள் தெருப் பையன் ஒருவன் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றான். "மாமா, வளையத்த வெட்டி எடுத்திட்டு புதுசு வாங்கிப் போட்டா என்ன?" என்று கேட்டான். "புதுசு எங்க மக்கா இருக்கு? வெட்டுனா வெட்டுனதுதான்" என்றேன்.

முதல்நாள் இரவே ஸ்க்ரூவின் மேல் மண்ணெண்ணெயும் என்ஜின் ஆயிலும் கலந்து சொட்டு விட்டு வைத்திருந்தேன். பேட்டரி வயரைக் கழற்றினேன். வளையத்தின் மேலும், பக்கத்துப் பெயிண்டின் மேலும் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு. அதற்கு மேல் நனைத்துப் பிழிந்த துணி. விளக்குக் கண்ணாடியின் மேலும் ஈரத்துணி. இதைப் பலர் செய்வதில்லை. தெறிக்கும் பொறி ஒவ்வொன்றும் உருகிய இரும்புத் துளி. கண்ணாடியில் பட்டால் பதிந்துகொள்ளும், பிறகு எந்தப் பாலிஷும் அதை எடுக்காது. பெயிண்டில் பட்டால் அன்றைக்குத் தெரியாது. மறுநாள் பனி பட்டதும் ஊசிமுனை அளவில் மஞ்சள் புள்ளிகள் கிளம்பும், அத்தனையும் துரு.

அப்புறம் மிஷினில் மெல்லிய வெட்டு வட்டை மாட்டி, முதலில் மெதுவான வேகத்தில் ஓடவிட்டு வட்டு ஆடுகிறதா என்று பார்த்தேன். விலை மலிந்த மிஷின்களில் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட் நேராக உட்காராது. ஆட்டத்தோடு வேகம் கூட்டினால் வட்டு தெறித்துவிடும். ஆட்டம் இல்லை என்று தெரிந்த பிறகு வேகத்தைக் கூட்டி, ஸ்க்ரூவின் தலையில் நடுவாக வைத்துத் தொட்டேன். தொட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும், அழுத்தவில்லை. மோட்டாரின் குரல் இறங்குகிறதா என்று காது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இறங்கினால் கை அழுத்துகிறது என்று பொருள். உடனே எடுத்து, ஆறவிட்டு, மறுபடி தொட வேண்டும். கொஞ்ச நேரத்தில் தலையில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குப் புதிய வெட்டு விழுந்துவிட்டது. வெட்டியதால் ஏறிய சூட்டில் ஸ்க்ரூ கொஞ்சம் விரிந்து, துருவின் பிடியும் விட்டுவிட்டது. அகல முனை ஸ்க்ரூ டிரைவரை வைத்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இழை, பிறகு கழற்றும் பக்கம் என்று பைய அசைத்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். வந்துவிட்டது. வளையத்தில் ஒரு கீறல் இல்லை. டார்ச் பிடித்த பையன் ஸ்க்ரூவை வாங்கி உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தான்.

இதே வேலையைக் கிரைண்டரால் செய்ய முடியாது. உளியால் செய்தால் வளையம் நசுங்கும். ட்ரில் போட்டு ஸ்க்ரூவை உடைத்தால் அடியில் ஸ்க்ரூவைப் பிடிக்கும் மரை போய்விடும். கதவு கீல், நம்பர் பிளேட், கார்பெட்டை அழுத்தும் பட்டை, சைலன்சர் கிளாம்ப் என்று பழைய வண்டியில் உயிரை வாங்கும் ஸ்க்ரூக்களும் போல்ட்டுகளும் எத்தனை எத்தனை! அவற்றுக்குப் பயந்தே பலபேர் வண்டியைத் தொடாமல் நிறுத்திப்போட்டிருக்கிறார்கள். கீல் ஸ்க்ரூ வரவில்லை என்பதற்காகக் கதவோடு இரும்புக்குப் போன ஒரு அம்பாசடரை இரணியல் பக்கம் பார்த்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. மேற்கு வங்கத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடரை நிறுத்தியது 2014-இல். இனி ஒரு கதவும் புதிதாக வரப்போவதில்லை.

அடுத்தது கரண்ட் விஷயம். பழைய கார்களில் முக்கால்வாசி மின்கோளாறு எர்த் கோளாறு, அதாவது கரண்ட் வண்டியின் தகட்டு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பில் வரும் கோளாறு. நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் வண்டியின் ஒரு பக்க விளக்கு மங்கலாக எரிவதைப் பார்த்துவிட்டு, வயரிங் முழுவதையும் உருவிப் புதிதாகப் போட வேண்டும் என்று பெரிய தொகை ஒன்றைச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தேன். விளக்கின் எர்த் வயர் தகட்டில் பிடித்திருக்கும் இடம் துருவும் பெயிண்டுமாக இருந்தது. சின்ன கம்பி பிரஷ் பிட்டை மாட்டி, நாணய அகலத்துக்குப் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். வேலை முடிந்தது. 45 வாட் பல்பு 12 வோல்ட்டில் நாலு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அந்த இணைப்பில் வெறும் அரை ஓம் தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் அங்கே தொலைந்துபோகும். பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிட மிக வேகமாக விழும் என்பதால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளிச்சம் போய்விடும். வயரில் எந்தக் குற்றமும் இருக்காது. 1968-ஆம் வருட வயரை உருவி எறிந்திருந்தால் துணி சுற்றிய பழைய வயரும் போயிருக்கும், பணமும் போயிருக்கும், புதுவயரை அதே துருவில் முடுக்கியிருந்தால் விளக்கும் மங்கலாகவே எரிந்திருக்கும்.

கம்பி பிரஷ் போடும்போது 15,000 சுற்றுக்கு மேல் போகவே கூடாது. மேலே போனால் கம்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்று ஊசியாகப் பறக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இந்த மிஷினைத் தொடாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி போதாது. பக்கவாட்டிலும் மறைக்கும் பிளாஸ்டிக் கண்ணாடி நூறு ரூபாய் அளவில் கிடைக்கும். கம்பியோ வட்டின் துண்டோ தெறித்த பிறகு யோசிக்க ஒன்றும் இல்லை.

இப்போது துருவுக்கு வருகிறேன், அன்பர் எழுதியதே அதைப் பற்றித்தான். முன்கண்ணாடி ரப்பரின் ஓரம், கூரையின் ஓரமாக ஓடும் மழைநீர்க் கால்வாய், கதவுத் தகட்டின் அடி மடிப்பு, டிக்கி மூடியின் ஓரம். பழைய பியட்டிலும் அம்பாசடரிலும் துரு முதலில் பிடிப்பது இந்த இடங்களில்தான். நாலு இஞ்ச் வட்டு இந்த இடுக்கு எதிலும் நுழையாது. நுழைய வைத்தால் நல்ல தகட்டைத் தின்றுவிட்டு வரும். ரோட்டரி டூலில் முனை கூர்ந்த சாணைக்கல் பிட் ஒன்றை மாட்டினால் குழிக்குள் இருக்கும் துருவை மட்டும் தோண்டி எடுக்கலாம். பக்கத்து நல்ல பெயிண்ட் அப்படியே நிற்கும். குழியின் அடியில் கறுப்பாகத் தெரிவதும் துருதான், அதை விட்டுவைத்தால் வேலை செய்ததற்கு அர்த்தம் இல்லை. வெள்ளை இரும்பு தெரியும்வரை போக வேண்டும். ஓட்டை விழுந்தால் விழட்டும், அந்த இரும்பு முன்பே செத்ததுதான். ஓரத்தை உப்புத்தாள் சுருளால் சாய்வாகத் தேய்த்துவிட்டால் பெயிண்டின் படி தெரியாது.

வெள்ளை இரும்பு தெரிந்த இடத்தை நம் கடலோரத்தில் மறுநாளைக்கு விட்டுவைக்க முடியாது. கை வியர்வை பட்டாலே மாலைக்குள் மஞ்சள் பூக்கும். தின்னர் தொட்ட துணியால் துடைத்து, அன்றைக்கே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே, துருத்தடுப்பு பிரைமர் தடவிவிட வேண்டும். மழைக்காற்று அடிக்கிற நாளில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். நான் மார்ச், ஏப்ரலில்தான் செய்வேன், அதுவும் வெயில் ஏறிய பிறகு.

கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. அவை மண்ணும் சருகும் அடைத்துக் கிடந்தால் மேலே என்ன வைத்தியம் பார்த்தாலும் வீண். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே வண்டி நிறுத்துகிறவர்கள், குலசேகரம் திருவட்டார் பக்கத்து ஆட்கள், இதை அவசியம் பார்க்க வேண்டும். அதற்கு மிஷின்கூட வேண்டாம், ஒரு ஈர்க்கு போதும்.

மெருகு போடுவது பற்றி ஒரு வார்த்தை. பஞ்சு வட்டும் பாலிஷ் கட்டியும் வைத்துக் கதவுக் கைப்பிடியையும் வைப்பர் தண்டையும் மினுக்குவது ஆசைக்கு நன்றாக இருக்கும். ஆனால் குரோமியப் பூச்சு மயிரிழையிலும் மெல்லியது. அதில் கம்பி பிரஷ் பட்டால் முடிந்தது கதை. கைப்பிடிகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை, பூச்சு போனால் சாம்பல் நிறத்தில் பல்லிளிக்கும். ஆகவே குரோமியத்துக்குக் குறைந்த வேகம், பஞ்சு மட்டும். அலுமினியத்தில் சாணைக்கல் வைக்காதீர்கள். உருகிய அலுமினியம் கல்லின் கண்களை அடைத்துக்கொண்டு கல் வழுக்க ஆரம்பிக்கும். அதற்குக் கார்பைடு பல் பிட்தான் சரி, கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுக்கொண்டு.

இந்த மிஷின் எதற்கெல்லாம் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் என் கடிதமே ஆபத்தாகிவிடும். பிரேக் ஷூவிலும் கிளட்ச் தட்டிலும் இதை வைக்காதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, அதனால் முகமூடி கட்டாயம், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. பெட்ரோல் டேங்க், பெட்ரோல் பைப், கார்பரேட்டர் இருக்கும் பக்கம் பொறி பறக்கும் எந்த வேலையும் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து ஷெட்டின் மூலையில் தேங்கி நிற்கும். வாசனை வரவில்லை என்று நம்பிவிடக் கூடாது. கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளையை இந்தப் பிட்டால் "சுத்தம்" செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தத் துளை ஒரு நூலிழை பெரிதானாலே வண்டி பெட்ரோலைக் குடிக்கத் தொடங்கிவிடும். ஜெட்டுக்குக் காற்று அடித்தால் போதும்.

அப்புறம், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, தரைத் தகடு, பின்பக்கம் ஸ்பிரிங் பட்டை பிடிக்கும் இடம் இவையெல்லாம் துருவில் பொத்துப் போயிருந்தால் அது சின்ன மிஷினின் வேலை கிடையாது. பியட்டுக்கும் அம்பாசடருக்கும் தனியாக சேசிஸ் என்ற அடிச்சட்டம் கிடையாது, உடம்புத் தகடுதான் வண்டியின் எலும்பு. அங்கே பட்டி வைத்து மூடி ரோட்டில் ஓட்டினால் வண்டியில் இருப்பவர்களுக்கும் ஆபத்து, எதிரே வருகிறவர்களுக்கும் ஆபத்து. நல்ல வெல்டரிடம் போய், கெட்ட பாகத்தை வெட்டி, அதே கனத்தில் தகடு வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். அந்த நிலைக்குப் போன வண்டிகளைப் பற்றி மட்டும் அன்பர் எழுதியிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கவே மாட்டேன்.

சட்டமும் இதில் என் பக்கம்தான் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய, வியாபாரத்துக்குப் பயன்படுத்தாத கார்களையும் இருசக்கர வண்டிகளையும் 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு ரூ.20,000, பத்து வருடம் கழித்துப் புதுப்பிக்க ரூ.5,000. நம்பரில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். தினசரி ஓட்டத்துக்கு எடுக்கக் கூடாது, கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு எடுக்கலாம். அந்த விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வண்டி அதன் மூல வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸ், உடம்பு, என்ஜின் இவற்றை மாற்றும் பெரிய வேலை எதுவும் நடந்திருக்கக் கூடாது. அதாவது, துருவுக்குப் பயந்து கண்டபடி வெட்டிப் புது உடம்பு கட்டிய வண்டிக்கு அந்த மதிப்பு கிடைப்பது கஷ்டம். மெனக்கெட்டுப் பழைய தகட்டைக் காப்பாற்றியவருக்குக் கிடைக்கும். 50 வயது ஆகாத வண்டிகளுக்கு வேறு சுமை. 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு ரூ.600 இருந்தது, 2022 ஏப்ரலில் ரூ.5,000 ஆனது, 20 வருடம் தாண்டியதற்கு 2025-இல் ரூ.10,000 ஆக்கிவிட்டார்கள். அவ்வளவு கட்டி வைத்திருக்கும் வண்டியை ஒரு ஸ்க்ரூவுக்காகவும் ஒரு எர்த் வயருக்காகவும் இழப்பதா?

ஆசிரியர் அவர்களே, இதை உங்களுக்கு எழுதக் காரணம் இரண்டு வேண்டுகோள்கள். நாகர்கோவில் கோணம் பகுதியில் இருக்கும் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிள் கிரைண்டர் பிடிக்கத் தெரிகிறது, கம்ப்யூட்டர் வைத்து புது வண்டியின் கோளாறைக் கண்டுபிடிக்கவும் தெரிகிறது. இந்த நுண்ணிய கைவேலையையும் ஒரு குறுகிய காலப் பயிற்சியாகச் சேர்த்தால் அவர்களுக்குப் பிழைப்புக்கு இன்னொரு வழி. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இங்கே ஆள் கிடைக்காமல் திருவனந்தபுரத்துக்கும் கோயம்புத்தூருக்கும் வண்டியை ஏற்றி அனுப்புகிறார்கள். மிஷின் விலை ஒன்றும் பெரிதில்லை, சாதாரணமானது ரூ.2,000 அளவில் கிடைக்கிறது, நல்ல கம்பெனி என்றால் அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு. பிட்டுகள் வடசேரியில் நகை வேலைச் சாமான் விற்கிற கடைகளில் விசாரித்தாலே கிடைக்கும். வேகத்தைக் காதால் அறிவதும், அழுத்தாமல் தொடுவதும், எதை எங்கே நிறுத்துவது என்பதும் சொல்லித்தர ஆள் வேண்டும். வடசேரி நகைத் தொழிலாளர் யாரையாவது அழைத்து, பிட் பிடிக்கும் விதத்தைக் காட்டச் சொன்னால்கூட அந்தப் பிள்ளைகள் நிறையக் கற்றுக்கொள்வார்கள்.

இரண்டாவது, உங்கள் நாளிதழின் வாகனப் பக்கம் வாராவாரம் புது மாடல்களின் விலையையும் மைலேஜையும் போடுகிறது. மாதம் ஒருமுறையாவது, கையில் இருக்கும் வண்டியைச் சின்னச் சின்னதாகப் பழுதுபார்ப்பது எப்படி என்று தொழில் தெரிந்தவர்களை எழுதச் சொல்லுங்கள். டிங்கர் வேலை, பெயிண்ட் வேலை, குஷன் வேலை என்று இந்த மாவட்டத்தில் கைத்திறன் உள்ளவர்கள் எத்தனையோ பேர் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் திங்கள்சந்தையிலும் இருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்களாக இருந்தால் உங்கள் நிருபர் போய்க் கேட்டு எழுதட்டும்.

தொழிற்பயிற்சி நிலையமோ வேறு யாருமோ அப்படி ஒரு பயிற்சி நடத்த முன்வந்தால், காசு எதுவும் வாங்காமல் வந்து சொல்லித்தர நான் தயார். பாடத்துக்கு என் டிலைட்டையே கொண்டுவருகிறேன். அதன் இடது பின்கதவின் அடி மடிப்பில் இந்த மழைக்குப் புதிதாக மூன்று கொப்புளம் கிளம்பியிருக்கிறது, பிள்ளைகள் கையாலேயே அதைச் சரிசெய்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணிமனை மெக்கானிக்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.